ஏழு மில்லிமீட்டர்

செம்பேரி வடக்குத் தெருவில் யார் எத்தனை மணிக்குக் குளித்தார்கள், எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறது, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு தலைக்கு ஊற்றாமல் கிடக்கிறாள் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள விருதாம்பாள் ஒரு காலத்தில் நடையாய் நடக்க வேண்டியிருந்தது. காலையில் உறைமோர் கேட்க ஒரு வீடு, பகலில் முருங்கைக்கீரை கொடுக்க ஒரு வீடு, சாயங்காலம் ஒரு சாக்கும் இல்லாமல் ஒரு வீடு. ஐம்பத்து மூன்று வயதில் முழங்கால் வலி வேறு. நிலக்கரிச் சுரங்கக் கம்பெனிக்காரர்கள் பல்லியைக் கொண்டுவந்து ஒட்டிய பிறகு அந்தச் சிரமம் விட்டது. கட்டிலில் சாய்ந்தபடியே ஊரைப் பார்க்கலாம் என்றால் யார்தான் எழுந்து போவார்கள்?

பல்லி என்பது ஊர் வைத்த பேர். உள்ளங்கை நீளத்தில் ஒரு சாம்பல்நிறப் பெட்டி. கிணற்றின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு நாலு நொடிக்கு ஒரு தரம் 'ச்' என்று கொட்டும். அந்தச் சத்தம் தண்ணீரில் பட்டுத் திரும்புவதை வைத்து, மட்டம் எவ்வளவு என்று மில்லிமீட்டர் சுத்தமாகச் சுரங்க அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். ஆரம்பத்தில் அது கொட்டும்போதெல்லாம், பேசிக்கொண்டிருந்த பேச்சுக்குச் சகுனம் பார்த்தவர்கள் உண்டு. நாலு நொடிக்கு ஒரு தரம் கொட்டுகிற பல்லியிடம் எந்தப் பேச்சும் நல்ல சகுனமாகத்தான் முடியும் என்று அவர்களுக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

பல்லியை மேய்க்கிற அதிகாரி பெலிக்ஸ் என்று ஒரு பையன். முப்பது வயதுக்குள் முன்நெற்றி ஏறிவிட்டது. ஒருநாள் அவன் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "இந்தத் தெருவுல எல்லா வூட்டு விஷயமும் தெரிஞ்ச ஆள் யாரு?" என்று கேட்டிருக்கிறான். அங்கே இருந்த ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே ஒரே வீட்டைக் கை காட்டினார்களாம். விருதாம்பாள் இதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் கொடுத்த பட்டமாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

"உக்காருங்க சார். நீங்க கரி தோண்டுறீங்க, சரி. எங்க கெணத்துத் தண்ணி ஒங்களுக்கு எதுக்கு?"

"கரிக்கு அடியில தண்ணி அழுத்திக்கிட்டு நிக்குதும்மா. அத ராப்பகலா எறச்சு வெளிய தள்ளலன்னா, குழித் தரையப் பொத்துக்கிட்டு வந்துடும். நாங்க எறைக்க எறைக்க சுத்துப்பட்டுக் கெணறெல்லாம் எறங்குது. சுரங்கத்தால எவ்ளோ எறங்குதோ, அவ்ளோவுக்கு டேங்கர் வுடணும்னு தீர்ப்பாயம் சொல்லிருச்சு."

"வுடுங்க."

"வுடறோம். ஆனா எறங்குனது பூரா சுரங்கத்தாலயா? நீங்களும் மொண்டு குளிக்கிறீங்கல்ல. பெட்டிக்கு எவ்ளோ எறங்குச்சுன்னு தெரியும். ஏன் எறங்குச்சுன்னு தெரியாது."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் நீங்க." கைப்பேசியை நீட்டினான். "இதப் பாருங்க. பதினோராம் நம்பர் கெணறு. நேத்துக் காலைல பத்து மணிக்கு நாப்பது மில்லி எறங்கியிருக்கு. ஏன்?"

"பதினொண்ணுன்னா சிங்காரவேலு வூடா? அவன் மாமியா வந்துருக்கா. அந்தம்மா ஒரு தரம் குளிச்சு எழுந்தா ஏரியே ஒரு படி எறங்கும்."

பெலிக்ஸ் சிரிக்கவில்லை. அப்படியே பதிவு செய்தான். கைப்பேசித் திரையில் பெட்டி, 'விருந்தினர் வருகை. ஏற்கப்பட்டது' என்றது. நாற்பது மில்லிமீட்டர் சுரங்கத்தின் தலையிலிருந்து சிங்காரவேலு மாமியார் தலைக்கு மாறியது.

"காரணம் தெரியலன்னா?"

"தெரியலன்னு போட்டா சுரங்கத்து மேல போயிடும். ஆபீஸ்லருந்து உடனே வண்டி வந்து பாக்கும். அப்புறம் டேங்கர் வுடணும்."

விருதாம்பாள் மெத்தப் படித்தவள் இல்லை. ஆனால் எதிராளிக்கு எது வலிக்கிறது என்று கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டியதில்லையே. அவள் மகன் கொளஞ்சிக்கு முப்பத்தொரு வயது. அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவன் அப்பா இரண்டு காணி நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, 'பையனுக்கு வேலை' என்ற வாக்கை வாங்கிக்கொண்டு செத்தும் போனார். பையன் இன்னும் ஒப்பந்தக் கூலியாக, கரி போகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதைக் கூட்டிக்கொண்டிருந்தான். பர்மனென்ட் ஆகாத பையனுக்கு அந்த வட்டாரத்தில் பெண் கிடைப்பது, அந்த வட்டாரத்தில் தண்ணீர் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

"எம் பையன் பேரு பட்டியல்ல நூத்து எண்பதாவதா கெடக்குது சார்," என்றாள்.

பெலிக்ஸ் அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தான். "நூறு நாள்மா. உங்க தெரு முப்பது கெணத்துலயும் ஒரு நாள்கூட 'தெரியவில்லை' வரக்கூடாது. சொன்ன காரணம் எதுவும் தப்புன்னு ஆகக்கூடாது. வந்துச்சுன்னா மறுபடியும் ஒண்ணுலருந்து ஆரம்பம். நூறு நாள் முடிஞ்சா கொளஞ்சி பேரு மேல வரும். நான் பேசிட்டேன்."

இப்படித்தான் விருதாம்பாள் கையில் கம்பெனிக் கைப்பேசி வந்தது. என்ன வேலை என்று தெருவில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. 'முட்டி வலிக்கு டாக்டர் குடுத்த மெஷினு' என்றாள். நம்பினார்கள்.

கைப்பேசியில் ஓடும் கிணற்று மட்டக் கோடுகளை அவள் படித்த அழகு இருக்கிறதே! விடியலில் இரட்டைப் பள்ளம் விழுந்தால் புதுசாகக் கல்யாணம் ஆன வீடு. பகலில் சின்னச் சின்னதாக ஏழெட்டுப் பள்ளம் என்றால் குழந்தைக்கு வயிறு சரியில்லை. இரண்டு நாள் பள்ளமே இல்லை என்றால் சண்டை, பெண்டாட்டி பிறந்த வீடு போய்விட்டாள். வீட்டுக்காரர்களுக்கே தெரியாத சங்கதிகள் சில அவளுக்கு முதலில் தெரிந்தன. எல்லாவற்றையும் தன் வாய்மொழியிலேயே பெட்டிக்குச் சொன்னாள். 'ஆறாம் நம்பர்: சுத்தக்காரி மாதிரி நடிக்கிறா, நாலு தரம் வாசல் கழுவுறா.' 'பத்தொம்பது: குடிச்சுட்டு வந்தான், தலையில தண்ணி ஊத்துனாங்க, தெளியல.' தன் வீட்டுக் கிணறு இருபத்து நாலாம் நம்பர். அதற்கு மட்டும், 'சிக்கனமான குடும்பம்.'

பெட்டி கற்றுக்கொண்டது. மூன்றாம் வாரத்தில் அவள் சொல்வதற்கு முன்பே, 'வாசல் கழுவுகிறாளா?' என்று தானாகவே யோசனை சொல்லத் தொடங்கியது. விருதாம்பாளுக்குப் பெருமை தாங்கவில்லை. பெற்ற பிள்ளைகூட அவள் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

தெருவுக்கு வாரம் மூன்று தரம் வந்துகொண்டிருந்த டேங்கர் இரண்டு தரமாகி, ஒரு தரமானது. கிணறுகள் மட்டும் இறங்குவதை நிறுத்தவில்லை. குடத்தை நடுத்தெருவில் போட்டுவிட்டுப் பெண்கள் கம்பெனியைச் சபித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சபித்தவள் விருதாம்பாள்தான்.

எதிர்வீடு தையநாயகியுடையது. இருபத்து மூன்றாம் நம்பர். முப்பது வருஷமாக இரண்டு பேரும் கூட்டாளிகள். ஒருத்தியைப் பற்றி ஒருத்தி ஊரில் சொல்லாதது பாக்கியில்லை என்கிற அளவுக்குக் கூட்டு. தொண்ணூற்று மூன்றாம் நாள் காலையில் தையநாயகி வந்து நின்றாள்.

"அக்கா, நாளன்னிக்கு எம் புள்ள மணவாளனுக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. ஒன் பித்தளைக் கொடம் ரெண்டு குடேன்."

"எதுக்குடி, தண்ணி எறைக்கவா, பவுசுக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

"இது மூணாவது எடமில்ல? போன தடவ வந்தவங்க ஒன் கெணத்தப் பாத்துட்டு, பொண்ணுக்குப் பதிலா ரெண்டு மரம் குடுக்கறோம், உள்ளார நட்டுக்குங்கன்னாங்களாமே?"

"ஒன் வாயில வசம்ப வெச்சுத் தேய்க்க!" தையநாயகி சிரித்தாள். வைக்கோல் சுற்றி வைத்திருந்த குடங்களை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஏங்க்கா, வேளா வேளைக்கு வந்து ஒக்காந்து எங்கூட்டுச் சட்டியெல்லாம் தொறந்து பாத்துட்டுப் போவ. இப்பல்லாம் இந்தப் பக்கமே காணோம்?"

"முட்டி வலிடி."

"எதுக்கால இருக்குற வூடு. நாப்பது எட்டு."

"நாப்பது எட்டும் முட்டியாலதான வெக்கணும்?"

செம்பேரிக்காரர்களுக்கென்று ஒரு புத்தி உண்டு. முன்பெல்லாம் பெண் கொடுக்க வருகிறவர்கள் வேலையைக் கேட்டார்கள், வீட்டைப் பார்த்தார்கள். இப்போது செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப்பார்க்கிறார்கள். வறண்ட கிணற்று வீட்டில் கொடுத்தால், பெண் டேங்கருக்குக் குடம் தூக்கியே தேய்ந்துபோவாளே என்ற கவலை. அதனால் பையனை வைத்திருக்கிற வீடுகளில், ஆள் வருவதற்கு முந்தின நாள் வெளியூர் டேங்கரை வரவழைத்துக் கிணற்றுக்குள் ஊற்றிவைப்பது வழக்கமாகிவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில், தண்ணீரைக் கொண்டுபோய்க் கிணற்றில் கொட்டுவார்கள். மூன்று நாளில் அதுவும் மண்ணுக்குள் போய்ச் சுரங்கத்துக்குப் போய்ச் சேரும். அதற்குள் கை நனைத்துவிட்டால் போதும். வந்தவர்களுக்கும் இது தெரியும். அவர்கள் வீட்டிலும் பையன் இருப்பான் இல்லையா? இதற்குப் பவுசுத்தண்ணி என்று பேர் வைத்தவள் விருதாம்பாள். பெட்டிக்கும் அந்தச் சொல்லை அவள்தான் கற்றுக்கொடுத்தாள்.

தொண்ணூற்று நாலாம் நாள். காலை பதினோரு மணிக்கு இருபத்து மூன்றில் ஒரு மீட்டர் நாற்பது ஏறியது. ஏற்கெனவே இடுப்பளவு கிடந்த கிணறு, ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டது. டேங்கர் வந்து போனதை விருதாம்பாளே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். 'பவுசுத்தண்ணி' என்றாள். ஏற்கப்பட்டது. தையநாயகி வீட்டுக்காரர் ராமலிங்கம் மளிகை வாங்க டவுனுக்குக் கிளம்பியதையும் பார்த்தாள். மணவாளன் திருப்பூரிலிருந்து சாயங்கால பஸ்ஸில் வருகிறான்.

மதியம் மூன்று பத்துக்குக் கைப்பேசி அதிர்ந்தது.

'23. திடீர் ஏற்றம் 7 மி.மீ. தொடர்ந்து சலனம். காரணம்? பதில் சொல்லப் பதினைந்து நிமிடம்.'

அவள் படுத்தபடியே பார்த்தாள். கோடு ஒரே தாவாக ஏழு மில்லிமீட்டர் ஏறி, அதன்பிறகு சீப்புப் பல் மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு கோட்டை அவள் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் யோசித்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எழுந்து நாற்பது எட்டு வைத்தால் தெரிந்துவிடும். முட்டி வலித்தது. வெளியே வெயில். சுரங்கத்துப் பெல்ட் வழக்கம்போல ஓலமிட்டுக்கொண்டிருந்ததால் வேறு சத்தம் எதுவும் காதில் விழவில்லை. தெரியவில்லை என்று போட்டால் தொண்ணூற்று நாலு நாளும் போச்சு. ஏழு மில்லிமீட்டர் என்றால் மூன்றரைக் குடம். இரண்டு குடம் நம்முடையது.

"காலைல ஊத்துனது பத்தலன்னு இப்ப கொடம் கொடமா ஊத்துறா," என்று பெட்டிக்குச் சொன்னாள். "நாளைக்கு ஆளு வருது. வெட்டிப் பவுசு."

ஏற்கப்பட்டது.

இருபது நிமிஷம் கழித்து மறுபடியும்: 'சலனம் நீடிக்கிறது. காரணம்?'

அவளுக்கு எரிச்சல் வந்தது. "எல தழய அள்ளுறா. பார்வைக்கு நல்லாருக்கணும்ல."

ஏற்கப்பட்டது. மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கோடு அடங்கி நேரானது. அடங்கிய தண்ணீரைப் பற்றிப் பெட்டி எதுவும் கேட்பதில்லை. விருதாம்பாள் கண்ணயர்ந்துவிட்டாள்.

ஐந்து மணிக்கு ராமலிங்கம் மளிகைப் பையோடு கொல்லைக்குப் போய் அலறிய அலறலில்தான் தெரு கூடியது. விருதாம்பாள்தான் முதல் ஆளாக ஓடினாள். முட்டியை அப்போது யார் நினைத்தார்கள்? கயிறு கட்டி இரண்டு பேர் இறங்கினார்கள். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஒரு பக்கத்துக் கல் பெயர்ந்திருந்தது. வேப்பங்கொம்பில் பழைய கொசுவலையைக் கட்டிய ஒரு கரண்டி மாதிரியான சாமான் தண்ணீரில் மிதந்தது. தையநாயகியின் விரல் நகங்கள், பல்லி ஒட்டியிருந்த இடத்துக்கு ஒரு முழம் கீழே, பாசியில் வரிவரியாகக் கோடு போட்டிருந்தன.

விருதாம்பாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அது நடிப்பில்லை. அந்த நேரத்தில் அவள் இடுப்பில் கைப்பேசி அதிர்ந்தது. அவர்கள் அப்போதுதான் தையநாயகியைத் தண்ணீரிலிருந்து தூக்கியிருந்தார்கள்.

'23. திடீர் இறக்கம் 7 மி.மீ. காரணம்?'

அவள் அழுகையை நிறுத்தாமலே மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுங்கினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "மூணு கொடம் மொண்டாங்க. சாவு வூடு."

ஏற்கப்பட்டது.

கூட்டம் கலைந்த பிறகுதான் தன் பித்தளைக் குடங்களைத் தேடினாள். அடுக்களை மூலையில் இருந்தன. சுற்றியிருந்த வைக்கோல்கூடப் பிரிக்கப்படவில்லை. உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். காய்ந்து கிடந்தன.

கொளஞ்சி ஷிப்ட் முடிந்து வந்து எதிர்வீட்டைப் பார்த்தபடி வாசற்படியிலேயே உட்கார்ந்தான். "எம்மா, தையலு சித்தி வுழுந்தத ஒன் போனு ஒண்ணும் சொல்லலியா?"

"தண்ணிய அளக்குற பொட்டிடா அது. ஆளயா அளக்கும்?"

தொண்ணூற்று ஏழாம் நாள் பெலிக்ஸ் வந்தான். தண்ணீர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு குடிக்காமல் வைத்திருந்தான்.

"அன்னிக்கு மூணு பத்துக்கு ஏழு மில்லி ஏறியிருக்கும்மா."

"ஆமா சார். சொன்னேனே."

"அந்தக் கெணறு பத்தடி அகலம். அம்பது கிலோ ஒடம்பு உள்ள போனா ஏழு மில்லி ஏறும். அதான் கேக்குறேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்தான். "நாப்பது நிமிஷத்துக்கு மேல ஆடியிருக்கு."

விருதாம்பாள் முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"நீங்க சொன்னத மாத்தலாம். 'பதில் தவறு'ன்னு ஒரு பொத்தான் இருக்கு, அத அமுக்குனா போதும். பெட்டி கத்துக்கும். ஆள் வுழுந்தா இப்படித்தான் ஏறும்னு தெரிஞ்சுக்கும். அப்புறம் எந்த ஊர்ல எவங்க வுழுந்தாலும் ஒடனே சைரன் அடிச்சு வண்டி அனுப்பும். மாத்தலன்னா, இது பவுசுத்தண்ணின்னு கத்துக்கும்."

"மாத்துனா நாளு?"

"ஒண்ணுலருந்து. அதவிட..." பெலிக்ஸ் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். "ஒரு பதிலு தப்புன்னா, அதே மாதிரி பழசு எல்லாத்தையும் பெட்டி திருப்பிப் பாக்கும். நீங்க சொன்ன எதுவும் நிக்காது. தீர்ப்பாயத்துக்குப் போகும். கொளஞ்சி பேரு பட்டியல்லயே இருக்காது. எம் பேரும் இருக்காது, அது வேற விஷயம்."

எதிர்வீட்டு வாசலில் மொட்டைத் தலையோடு மணவாளன் உட்கார்ந்திருந்தான். பெண் வீட்டுக்காரர்கள் துக்கத்துக்கு வந்துவிட்டு, போகிற போக்கில் கிணற்றையும் எட்டிப்பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"பவுசுத்தண்ணிதான் சார்," என்றாள் விருதாம்பாள். "அவ ஊத்துனா. அப்புறம் வுழுந்துருப்பா. அது எனக்குத் தெரியாது."

பெலிக்ஸ் மூச்சு விட்டான். அந்த மூச்சில் இருந்தது வருத்தமா நிம்மதியா என்று கண்டுபிடிக்க விருதாம்பாளைவிடத் தேர்ந்த ஆள் தேவையில்லை. டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனான்.

நூறாம் நாள் முடிந்து இரண்டாவது வாரம் கொளஞ்சிக்கு உத்தரவு வந்தது. கழுத்தில் தொங்குகிற பட்டையோடு அடையாள அட்டை கொடுத்தார்கள். அவன் அதைத் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. அதே வாரம் விருதாம்பாளின் கைப்பேசியிலும் ஒரு செய்தி வந்தது. பெட்டி போதுமான அளவு கற்றுக்கொண்டது, இனி சுற்றுவட்டாரம் ஆயிரத்து நானூறு கிணறுகளுக்கும் அதுவே காரணம் சொல்லிக்கொள்ளும், தங்கள் சேவைக்கு நன்றி. ஆயிரத்து நானூறு கிணற்றிலும் அவள் வாய்தான். பார்க்காத ஊர், தெரியாத வீடு, அங்கேயும் 'சுத்தக்காரி மாதிரி நடிக்கிறா.' எல்லாக் கிணற்றுக் கோடும் தெரிகிற அந்தக் கைப்பேசியைத் திரும்ப வாங்கக் கம்பெனி மறந்துவிட்டது. அவளும் ஞாபகப்படுத்தவில்லை. பொழுது போக வேண்டாமா?

பர்மனென்ட் ஆன பையனுக்கு வரன் வருவதற்கு மாதக் கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. ஆறு கிலோமீட்டர் தள்ளி வேப்பங்காட்டிலிருந்து கலியமூர்த்தி, அவர் பெண்டாட்டி பச்சையம்மாள், கூட ஒரு அத்தைக்காரி. பெண் பேர் தர்ஷினி, பி.காம். இன்றைக்கு அவர்கள் வந்து பார்க்கிறார்கள், நாளைக்கு இவர்கள் போய்ப் பெண்ணைப் பார்ப்பது.

முந்தின நாள் விருதாம்பாளும் டேங்கர் சொல்லித்தான் ஊற்றினாள். பெட்டி உடனே எழுதியது: '24. ஆளு வருது. வெட்டிப் பவுசு.' அவளுக்குச் சுருக்கென்றது. யார் சொல்லிக்கொடுத்த வார்த்தை என்று நினைவு வந்ததும் சிரித்துக்கொண்டாள்.

வந்தவர்கள் கிணற்றை எட்டிப்பார்த்தார்கள். பச்சையம்மாள், "தண்ணி நல்லாருக்கு" என்றாள். கலியமூர்த்தி மாப்பிள்ளையின் அடையாள அட்டையைத் தூக்கிப் பின்பக்கமும் படித்தார். இலை போட்டாயிற்று.

"ஒங்கூட்டுச் சாம்பாரு மணக்குது சம்பந்தியம்மா," என்றாள் பச்சையம்மாள். "நாளைக்கு நீங்க வரீங்கன்னு தர்ஷினி வூட்டயே பொரட்டிப் போட்டுக்கிட்டு இருக்கா. கெணத்துல வேற ஒரே எல தழையாக் கெடந்துச்சு. அள்ளிப் போடுறேன்னு நின்னா. ஒண்டியா இருக்கியேடி, வந்து பாத்துக்கலாம்னா கேட்டாத்தான?"

"பொறுப்பான பொண்ணு," என்று சொல்லிவிட்டு, பாயசம் எடுக்க விருதாம்பாள் அடுக்களைக்குள் போனாள். போனவள் அடுப்பு மேடையில் கைப்பேசியை வைத்து வேப்பங்காட்டைத் தேடினாள். கலியமூர்த்தி வீடு, எண்ணூற்றுப் பதினேழு. சம்பந்தி வீட்டு யோக்கியதை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? நேற்று சாயங்காலம் ஒன்றரை மீட்டர் ஏறியிருந்தது. அட, அங்கேயும் பவுசுத்தண்ணி! பெண்ணை வைத்திருப்பவர்களும் ஊற்றத் தொடங்கிவிட்டார்களா? அவள் வாய்க்குள் சிரிப்பு முட்டியது.

கோடு அவள் கண்முன்னாலேயே ஒரு தாவு தாவியது.

ஏழு மில்லிமீட்டர். அதன்பிறகு சீப்புப் பல்.

கீழே வரி வந்தது: '817. காலைல ஊத்துனது பத்தலன்னு இப்ப கொடம் கொடமா ஊத்துறா. நாளைக்கு ஆளு வருது. வெட்டிப் பவுசு.' பக்கத்தில் 'பதில் தவறு' என்ற சின்னப் பொத்தான். விரலைப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனாள். அழுத்தாமலே, அதற்கு அடியில் எழுதியிருப்பது தெரிந்தது: 'உங்களுக்கு எப்படித் தெரியும்?'

கூடத்தில் கொளஞ்சி எதற்கோ சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷம்.

பாயசப் பாத்திரத்தோடு வெளியே வந்தாள். "மருமவகிட்ட ஒரு வார்த்த பேசணும் போல இருக்கு. ஒரு போனு போடுங்களேன்."

பச்சையம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இடது கையால் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடியும் போட்டாள்.

"எடுக்க மாட்டேங்குறா. வெக்கப்படுறா!"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தைக்காரிக்குப் புரையேறியது.

"பக்கத்து வூட்டுல யாரயாவது போயிப் பாக்கச் சொல்லுங்களேன்," என்றாள் விருதாம்பாள்.

சிரிப்பு நின்றது. பச்சையம்மாள் சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் சம்பந்தியம்மா, எதுக்கு யாரு போயிப் பாக்கணும்? எம் பொண்ணப் பத்தி ஏதாச்சும் கேள்விப்பட்டீங்களா? ஒங்களுக்கு ஊரு சேதியெல்லாம் வந்துடும்னு சொன்னாங்க. இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க."

கலியமூர்த்தி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எம்மா," என்றான் கொளஞ்சி. அவன் கழுத்து அட்டை மின்விசிறிக் காற்றில் திரும்பித் திரும்பி ஆடியது. "என்னாம்மா? ஏதாச்சும் தெரியுமா? எப்படித் தெரியும் ஒனக்கு?"

விருதாம்பாள் மகனைப் பார்த்தாள். இடுப்பில் கைப்பேசி சூடாக இருந்தது.

"ஒண்ணுமில்லப்பா. ஆசையா இருந்துச்சு. புள்ள வெக்கப்படுது, வுடு." குனிந்து பச்சையம்மாளின் இலையில் பாயசத்தை ஊற்றினாள். "நாளைக்குத்தான் நேர்ல பாக்கப் போறேனே."

"அதான பாத்தேன்," என்று பச்சையம்மாள் மறுபடியும் சிரித்தாள். "போதும் போதும் சம்பந்தியம்மா, வழியுது!"

சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட்டு, தேதி பேசினார்கள். ஆவணியில் முதல் முகூர்த்தம். வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது பச்சையம்மாள் விருதாம்பாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணு ஒங்ககிட்டதான் வரா. பாத்துக்கிங்க" என்றாள். பார்த்துக்கொள்வதாக விருதாம்பாள் சொன்னாள்.

வண்டி தெருமுனை திரும்பியதும் அடுக்களைக்கு வந்து கைப்பேசியை எடுத்தாள். எண்ணூற்றுப் பதினேழில் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பெட்டி அவளைக் கேட்காமலே எழுதி முடித்திருந்தது:

'எல தழய அள்ளிட்டா. பார்வைக்கு நல்லாருக்கும்.'